கூடைப்பந்தில் பாஸ்: கொடுப்பவர் பாதி, பிடிப்பவர் பாதி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் பள்ளி, கல்லூரி அணிகளின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்க்க வருபவர்களில் பலர் கிரிக்கெட்டையும் கபடியையும் மஞ்சுவிரட்டையும் பார்த்துப் பழகியவர்கள். தனி ஒருவரின் திறமை அந்த ஆட்டங்களில் கண்ணுக்கு நேராகத் தெரியும். கூடைப்பந்தில் அப்படித் தெரிவதில்லை. உயரமும் ஓட்டமும் உள்ள ஆட்டக்காரரைக் கொண்ட அணி தோற்றுவிட, பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்த அணி வெல்வதைப் பார்த்து, ‘இவர்கள் ஒன்றுமே செய்யவில்லையே, எப்படி ஜெயித்தார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ‘ஒன்றும் செய்யாத’ வேலைக்குப் பெயர்தான் பாஸ். அது எப்படி இயங்குகிறது, எங்கே பிழைபடுகிறது, பிழைபட்டால் யார் மீது குற்றம் என்பவற்றை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

ஆட்டம் பிறந்தபோது பாஸ் மட்டுமே இருந்தது

கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நைஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றது. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள் பின்னர் வந்து சேர்ந்தது. பந்தை முன்னே கொண்டுசெல்ல முதலில் இருந்த ஒரே வழி, அதை இன்னொருவருக்குக் கொடுப்பதுதான்.

தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் ஊன்றியதில் ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவரே. காரைக்குடியிலும் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி வழியாக ஆசிரியர்கள் வெளிவருகிறார்கள். ஆட்டம் பாஸிலிருந்தே தொடங்கியிருந்தாலும், திடலில் தனியே நிற்கும் மாணவர் முதலில் பழகிக்கொள்வது டிரிபிளும், பந்தைக் கூடைக்குள் எறியும் ஷாட்டும்தான். தனியாக முழுதும் பழக முடிவது அவை இரண்டு மட்டுமே; சுவரில் பந்தடித்து எறியும் கைமுறையைப் பழகலாமே தவிர, பாஸைப் பழக இன்னொருவர் வேண்டும். பல அணிகளின் குறை இந்த எளிய காரணத்தில்தான் தொடங்குகிறது.

நேரக் கணக்கு

பாஸின் பயனை உணர, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சர்வதேச விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். பந்தைத் தட்டிக்கொண்டு வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஏறக்குறைய 4.7 வினாடி ஆகும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து அதே தூரத்தை 3 வினாடிக்குள் கடந்துவிடும். எவ்வளவு வேகமான கால்களும் பந்தின் வேகத்தை எட்டுவதில்லை. இதைக்கொண்டு மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

1. 6 மீட்டர் தொலைவில் இருப்பவருக்கு நேராக வீசிய பாஸ் 0.6 வினாடியில் சேரும். எதிரணித் தடுப்பாளர் கண்ணால் கண்டு உடலை அசைக்கத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகிவிடும். மீதி 0.4 வினாடிக்குள் அவர் கையை நீட்டிப் பந்தைத் தொட வேண்டும்.

2. அதே பாஸைத் தடுப்பாளரின் தலைக்கு மேலே வளைத்துத் தூக்கிப் போட்டால் கணக்கு மாறுகிறது. கையை விட்ட உயரத்திலிருந்து பந்து 1.25 மீட்டர் எழுந்து, அதே உயரத்துக்கு இறங்க ஒரு முழு வினாடி ஆகும். இது புவியீர்ப்பின் கணக்கு. எறிபவரின் கைவலிமையால் இதை மாற்ற முடியாது. கூடுதலாகக் கிடைத்த 0.4 வினாடியில், வினாடிக்கு 5 மீட்டர் ஓடும் தடுப்பாளர் 2 மீட்டர் நகர்ந்துவிடுகிறார். ‘கைக்கு வந்த பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டான்’ என்று பார்வையாளர்கள் வியக்கும் பறிப்புகளில் பெரும்பாலானவை இந்த 2 மீட்டருக்குள் நடப்பவை.

3. கூடையை நோக்கி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் சக ஆட்டக்காரர், பந்து காற்றில் இருக்கும் 0.6 வினாடியில் 3 மீட்டர் முன்னேறிவிடுவார். அவர் இப்போது நிற்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பினால் அது அவர் முதுகுக்குப் பின்னே போகும். அவர் வந்து சேரப்போகும் இடத்துக்கே பந்து போக வேண்டும்.

வேகமாக எறிந்தாலே நல்ல பாஸ் என்று இதற்குப் பொருளில்லை. 3 மீட்டர் தொலைவில் இருப்பவருக்கு முழு வலுவோடு வீசிய பந்து விரலைத்தான் பதம் பார்க்கும். பிடிப்பவர் தடுமாறாமல் பிடித்து, அடுத்த செயலை உடனே தொடங்கக்கூடிய வேகமே சரியான வேகம்.

எந்த இடத்தில் எந்த பாஸ்

1. செஸ்ட் பாஸ். மார்புக்கு முன்னால் இரு கைகளாலும் தள்ளுவது. விரல்கள் பந்தின் இருபுறமும் விரிந்திருக்க, கட்டைவிரல்கள் பந்தின் பின்னே இருக்க வேண்டும். ஒரு காலை முன்வைத்து, கைகளை முழுதும் நீட்டி, முடிவில் கட்டைவிரல்கள் தரையைப் பார்க்கவும் உள்ளங்கைகள் வெளிப்பக்கம் திரும்பவும் விட வேண்டும். இந்த மணிக்கட்டுத் திருப்பத்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றபடி செல்லும். அப்படிச் செல்லும் பந்து காற்றில் தடுமாறாது, பிடிக்கவும் எளிது. விசை முக்கியமாகக் காலிலிருந்து வருகிறது. காலை முன்வைக்காமல் தோளால் மட்டும் தள்ளுபவரின் பாஸ் பாதி வழியிலேயே தொய்ந்துவிடும்.

2. பவுன்ஸ் பாஸ். கைகளை உயர்த்தி நிற்கும் உயரமான தடுப்பாளரைத் தாண்ட இதுவே ஏற்றது. நின்ற நிலையில் தரைக்கருகே கையைக் கொண்டுவர அவருக்கு நேரமாகும். தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த இடத்தில் பந்து தரையைத் தொட்டு, பிடிப்பவரின் இடுப்பளவுக்கு எழ வேண்டும். நடுவிலேயே குத்தினால் உயர எழுந்து வேகம் குறைந்துவிடும். மிகவும் தள்ளிக் குத்தினால் காலடியில் போய் விழும். செஸ்ட் பாஸைவிட இது மெதுவானது. ஆகவே நீண்ட தூரத்துக்கும், வேகமாக நகரும் தடுப்பாளர்களுக்கு நடுவிலும் இது உதவாது.

3. ஓவர்ஹெட் பாஸ். தலைக்கு மேல் இரு கைகளாலும் பிடித்து, மணிக்கட்டால் நேர்கோட்டில் விடுவது. தடுப்பு ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டபோது எதிர்ப்பக்கத்துக்குப் பந்தை அனுப்பவும், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை (ரீபவுண்டு) எடுத்தவர், பக்கக்கோட்டருகே காத்திருக்கும் கார்டுக்கு, அதாவது பந்தை முன்னே கொண்டுசெல்லும் ஆட்டக்காரருக்கு, அதைக் கொடுக்கவும் பயன்படும். பந்தைத் தலைக்குப் பின்னே கொண்டுபோகக் கூடாது, பின்னாலிருந்து தட்டிவிடுவார்கள்.

4. ஒரு கைப் பாஸ்கள். பக்கவாட்டில் காலைத் தள்ளி வைத்து, தடுப்பாளரின் உடலைச் சுற்றிக் கொடுப்பது உயர்நிலை ஆட்டத்தில் மிகுதியாகக் காணப்படும் பாஸ். தோளுக்கு மேலிருந்து நெடுந்தூரம் எறியும் பேஸ்பால் பாஸ், எதிரணி தடுப்புக்குத் திரும்புமுன் விரைந்து தாக்கும் ஃபாஸ்ட் பிரேக்கில் எப்போதாவது தேவைப்படும்.

முதுகுக்குப் பின்னால் கொடுப்பது, பார்க்காமல் கொடுப்பது போன்றவை தனி வகைகள் அல்ல. வேறு வழி அடைபட்டபோது கைகொடுக்கும் உத்திகள். கைப்பேசியில் வலம்வரும் துணுக்குக் காட்சிகளில் அவற்றுக்குக் கிடைக்கும் கைதட்டல், பதினான்கு வயது ஆட்டக்காரர்களுக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்திருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பிடிப்பவரின் வேலை

பாஸ் பறிபோனால் ‘டர்ன்ஓவர்’ என்று கொடுத்தவர் கணக்கில் எழுதப்படுவதே வழக்கம். பார்வையாளர்களின் கோபமும் அவர் மீதே பாய்கிறது. ஆனால் மாணவர் ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தால், அத்தகைய இழப்புகளில் கணிசமானவை பிடிக்க வேண்டியவரின் நிலையால் நேர்பவை என்று தெரியும். நல்ல பாஸ் எறிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிடிப்பவர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது, தடுப்பாளரிடமிருந்து விலகுவது. அவரை நோக்கி, அல்லது கூடையை நோக்கி, இரண்டடி எடுத்துவைத்துச் சட்டென்று திரும்பி வெளியே வர வேண்டும். தரையில் இந்த நகர்வு ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அமைவதால் இதற்கு ‘வி-கட்’ என்று பெயர். தடுப்பாளர் இடையில் கையை நீட்டிப் பாஸை மறிக்கிறார் என்றால், வெளியே வருவதுபோல் காட்டிவிட்டு அவர் முதுகுப்புறமாகக் கூடைக்கு ஓட வேண்டும். இது ‘பேக்டோர் கட்’. இவ்விரண்டில் எதையும் செய்யாமல், நின்ற இடத்திலிருந்தே ‘போடு, போடு’ என்று கத்துபவருக்குப் பந்தைக் கொடுக்காமல் இருப்பதே பல நேரங்களில் சரியான முடிவு.

இரண்டாவது, இலக்கைக் காட்டுவது. தடுப்பாளர் இடப்புறம் இருந்தால் வலக்கையை விரித்து நீட்டி, ‘இங்கே கொடு’ என்று காட்ட வேண்டும். அந்தக் கைக்குப் பந்து போனால், தடுப்பாளருக்கும் பந்துக்கும் நடுவே பிடிப்பவரின் உடலே சுவராக நிற்கும். ‘மார்புக்குக் கொடு’ என்ற தொடக்கநிலைப் பாடம், தடுப்பாளர் பக்கத்தில் வந்து நின்றவுடன் ‘தடுப்பாளருக்கு எட்டாத கைக்குக் கொடு’ என்று மாறிவிடுகிறது.

மூன்றாவது, பந்தை எதிர்கொண்டு செல்வது. வரும்வரை நின்று காத்திராமல் ஓர் அடி முன்னே வைத்து வாங்கினால், பந்து காற்றில் இருக்கும் தூரம் குறைகிறது; பின்னாலிருந்து பாயும் தடுப்பாளரின் கை எட்டாது.

நான்காவது, பிடிக்கும் முறை. கண் பந்தை விட்டு விலகாமல், இரு கைகளாலும், விரல்கள் விரிய, முழங்கை சற்று மடங்கப் பிடிக்க வேண்டும். கையில் பந்து வருவதற்குள் கூடையைப் பார்க்கத் திரும்புவதே நழுவல்களுக்கு முதல் காரணம். பிடித்தவுடன் முழங்காலை மடக்கி, பந்தை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே வைத்துக் கூடையை நோக்கி நின்றால் எறிய, தட்டிக்கொண்டு ஓட, மறுபடியும் கொடுக்க என்று மூன்று வழிகளும் திறந்திருக்கும். ஒரு பாஸின் தரத்தை அளக்கவும் இந்த நிலையே அளவுகோல். பிடித்தவர் குனிந்தோ எம்பியோ பின்னோக்கியோ பந்தை எடுக்க நேர்ந்து, அதனால் இந்நிலைக்கு உடனே வர முடியவில்லை என்றால், பந்து கைக்குச் சேர்ந்திருந்தாலும் அது அரைகுறைப் பாஸ்தான்.

வழி எப்போது திறக்கிறது

செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால், நேர்வரிசையில் அமைந்த நிலைவாசல்கள் வழியே வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வரை பார்வை செல்லும். இடையில் ஒரு கதவு ஒருக்களித்திருந்தாலும் அது மறைந்துவிடும். பந்து செல்லும் வழியும் அத்தகைய நேர்கோடே. ஆனால் களத்தில் கதவுகள் அரை வினாடிக்கு ஒருமுறை திறந்து மூடுகின்றன. திறக்கும் வரை காத்திராமல் திறக்கவைப்பதே கார்டின் திறமை. அதற்கான முறைகள் சில:

1. பொய்யசைவு. மேலே கொடுப்பதுபோல் காட்டினால் தடுப்பாளரின் கைகள் மேலே போகும். அப்போது கீழே பவுன்ஸ் பாஸ். கீழே காட்டினால் காதோரமாக மேலே. தடுப்பாளரின் முகத்தைவிட அவர் கைகளைப் பார்ப்பது முக்கியம்.

2. கோணத்தை மாற்றுதல். இடம்விட்டு நகர்த்தக் கூடாத பிவட் கால் ஊன்றியிருக்க, மறுகாலைப் பக்கவாட்டில் ஓரடி வைத்தாலோ, ஒன்றிரண்டு தட்டில் இடம் மாறினாலோ, மறைந்திருந்த கோடு திறந்துவிடும்.

3. இடைவெளி. சக ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 மீட்டர் தள்ளி நின்றால், ஒரே தடுப்பாளர் இருவரைக் காக்க முடியாது. பாஸும் மிக நீளமாகிவிடாது. ஐவரும் பந்தைச் சுற்றிக் கூடிவிட்டால் எந்தப் பொய்யசைவும் எடுபடாது. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் இதுவே பெருங்குறை.

4. பக்கம் மாற்றுதல். பந்து ஒரு பக்கம் இருக்கும்போது தடுப்பு முழுதும் அந்தப் பக்கம் சாயும். இரண்டு விரைவான பாஸ்களில் பந்து மறுபக்கம் போனால், சாய்ந்தவர்கள் ஓடித் திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தத் திரும்பல் முடிவதற்குள் கூடைக்கு வழி கிடைத்துவிடும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன ‘ஒன்றும் செய்யாத’ அணி உண்மையில் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

கண்ணின் பங்கு இதில் பெரிது. கொடுக்கப்போகும் ஆளையே உற்றுப் பார்ப்பவர், தம் எண்ணத்தை எதிரணிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அதற்காக அவரைப் பார்க்காமலே கொடுக்க வேண்டியதில்லை. பார்வையைக் கூடையின் பக்கம் வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணில் எல்லோரையும் வைத்திருப்பது போதும்.

விதிகள் வைக்கும் எல்லை

பாஸ் தொடர்பான நடுவர் முடிவுகளில் பார்வையாளர்களைக் குழப்புபவை சில. ஓடிவந்தபடி பந்தைப் பிடிப்பவர் எத்தனை அடி வைக்கலாம் என்பது அவற்றில் முதலாவது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பந்து கட்டுப்பாட்டுக்குள் வரும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப்பின் இரண்டு அடிகள் வைக்கலாம். பழைய பழக்கத்தில் எண்ணுபவர்களுக்கு இது மூன்றடியாகத் தெரிவதால், ‘டிராவலிங்’ (பந்தோடு விதியை மீறி அடிவைத்தல்) என்ற கூச்சல் எழுகிறது. ஆனால் அவர் டிரிபிள் செய்யப் போகிறார் என்றால், இரண்டாவது அடி விழுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

பாஸ் கொடுக்க எம்பியவர், ஆள் கிடைக்காமல் பந்தோடு தரையிறங்கினாலும் அது டிராவலிங்தான். எம்பிய பிறகு முடிவெடுக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே கொடுக்க 5 வினாடி, தன் பாதியைக் கடக்க 8 வினாடி, ஷாட் எடுக்க மொத்தம் 24 வினாடி என்ற வரம்புகளும், எதிர்ப்பாதிக்குள் கொண்டுசென்ற பந்தை மீண்டும் தன் பாதிக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதியும் பாஸை அவசரப்படுத்துபவை.

எல்லாப் பிழைகளுக்கும் விலை ஒன்றல்ல. மூலையில் பறிபோன பந்தை எதிரணி நீண்ட தூரம் கொண்டுபோக வேண்டும். அதற்குள் தடுப்பு திரும்பிவிடலாம். களத்தின் மேற்பகுதியில், அதாவது கூடைக்கு நேரெதிரே நடுக்கோட்டுப் பக்கம், குறுக்காகப் போட்ட சோம்பலான பாஸ் பறிபோனால், பறித்தவருக்கும் கூடைக்கும் நடுவே ஆளே இருக்காது. தன் கூடைக்கு முன்னால் குறுக்கே கொடுப்பது அதனினும் கேடு.

‘அசிஸ்ட்’ எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நேரடியாகக் கூடைக்கு வழிசெய்த கடைசிப் பாஸுக்கு ‘அசிஸ்ட்’ எழுதப்படும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. வரலாற்றில் ஜான் ஸ்டாக்டன் 15,806 அசிஸ்ட்களுடன் முதலிடத்தில் இருக்கிறார். ஒரே ஆட்டத்தில் மிக அதிகம், 1990 டிசம்பர் 30 அன்று ஸ்காட் ஸ்கைல்ஸ் கொடுத்த 30. இரு அமைப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்: பாஸ் வாங்கியவர் ஷாட் எடுக்கையில் விதிமீறித் தடுக்கப்பட்டு (ஃபவுல்), அதற்காகக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிதலான ஃப்ரீ த்ரோவில் புள்ளி எடுத்தால் சர்வதேச முறையில் அசிஸ்ட் உண்டு, என்.பி.ஏ.யில் இல்லை.

அசிஸ்ட் கணக்கு கடைசிப் பாஸை மட்டுமே அறியும். தடுப்பைக் குலைத்தது அதற்கு முந்தைய பாஸாக இருக்கலாம். மிக நல்ல பாஸை வாங்கியவர் எறிந்த ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனால் கொடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. அணியில் யார் நன்றாகக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது.

நம் திடல்களில் பயிற்சி

இந்தப் பகுதியின் ஆடுகளங்களில் பல திறந்தவெளிச் சிமெண்டுத் தரைகள். செம்மண் புழுதி படிந்த பந்து வியர்த்த கையில் வழுக்கும்; பெயர்ந்த தரையில் பவுன்ஸ் பாஸ் எதிர்பாராத பக்கம் திரும்பும். பயிற்சிக்கு முன் தரையைப் பெருக்குவதும், ஈரத்துணியால் பந்தைத் துடைப்பதும் அலங்கார வேலைகள் அல்ல. மாலையில் மேற்குப் பார்த்துப் பிடிப்பவருக்கு ஓவர்ஹெட் பாஸ் வெயிலில் மறைந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் தாழ்வான பாஸ்களே பாதுகாப்பு.

பந்தின் அளவும் கவனத்துக்குரியது. ஆண்களுக்கான 7-ஆம் எண் பந்து 580 முதல் 620 கிராம்; பெண்களுக்கான 6-ஆம் எண் 510 முதல் 550 கிராம்; சிறுவர்களுக்கான 5-ஆம் எண் 500 கிராமுக்கும் குறைவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 7-ஆம் எண் பந்தைக் கொடுத்தால் செஸ்ட் பாஸ் எட்டாமல் தூக்கிப் போடப் பழகுவார்கள். பிற்பாடு அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

ஒரே ஒரு கூடைக்கம்பம் உள்ள பள்ளிக்கும் பயிற்சி முறைகள் உண்டு. இருவர் எதிரெதிரே நின்று கொடுத்து வாங்குவது கைமுறையைப் பழக்கும், அதற்கு மேல் பயனில்லை. நடுவில் ஒரு தடுப்பாளரை நிறுத்தியவுடன்தான் கோணமும் பொய்யசைவும் பாடத்துக்குள் வருகின்றன. அதன்பின், டிரிபிள் இல்லாமல் மூவருக்கு மூவர் ஆடவைக்க வேண்டும். தட்டிக்கொண்டு ஓடித் தப்பிக்க வழி இல்லாததால், பந்து இல்லாத இருவரும் நகர்ந்தே ஆக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான 3x3 ஆட்டத்தில் ஷாட்டுக்கு 12 வினாடியே அவகாசம் என்பதால், அந்த வரம்பையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின்போது வெளியே அமர்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பறிபோன ஒவ்வொரு பாஸுக்கும் காரணத்தைக் குறிக்கச் சொல்வது பயனுள்ளது. எறிந்த விதம் தவறு, தேர்ந்தெடுத்த வழி தவறு, வாங்க வேண்டியவர் நகரவில்லை என்று மூன்று கட்டங்கள் போதும். மூன்றாவது கட்டத்தில் கோடுகள் மிகுந்த அணிக்கு, சுவரில் பந்தடிக்கும் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை; வி-கட், பேக்டோர் கட் ஆகியவற்றையே அடுத்த வாரம் முழுதும் பழக்க வேண்டும்.